பத்துப் புளியங்கொட்டை

பூச நட்சத்திரம் வரும் நாளில் பொழுது சாயும் முன்பே ஆயா என்னைக் குளிக்கவைத்துவிடுவாள். இருட்டியதும் ஒரு கையில் அரிக்கேன் விளக்கு, மறு கையில் நான், முந்தானை முடிச்சில் பத்துப் புளியங்கொட்டை. கமண்டல நதிப் பக்கமிருந்து வாழைத்தோப்பின் ஈரக்காற்று வரும். தோப்புக்கு மேலே ஜவ்வாது மலை கறுத்துக் கிடக்கும்.

பூசந்தோறும் கூடும், வள்ளலார் வழியிலான எங்கள் படவேட்டுச் சன்மார்க்கக் கூட்டத்துக்கு மடம் கிடையாது. களத்துமேட்டில் பாய் விரிப்போம். யார் வீட்டுத் திண்ணையிலும் கூடக் கூடாது என்பதில் பெரியப்பா பிடிவாதமாக இருந்தார். திண்ணைக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். அதில் ஏறச் சிலருக்குக் கால் கூசும். ஊர்த்தெருவும் காலனியும் ஒரே பாயில் உட்காரக் களம்தான் தோது. அதற்காகச் சொந்தபந்தத்திடம் அவர் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. வள்ளலாரை அவர் படித்த விதம் அது.

படிப்பது அருட்பெருஞ்ஜோதி அகவல். வள்ளலார் 1872-ல் ஒரே இரவில் எழுதியதாகச் சொல்வார்கள். 1596 அடி, இரண்டடிக்கு ஒரு கண்ணி என்று 798. எங்களிடம் இருந்ததோ அட்டை போன ஒரே புத்தகம். ஆளுக்குப் பத்துக் கண்ணி படித்து, புத்தகத்தை அடுத்தவர் மடியில் வைக்க வேண்டும். 79 முறை கைமாறினால் மிச்சம் எட்டு. அந்த எட்டையும் எல்லோரும் சேர்ந்து சொல்வோம். அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும்.

எழுத்து தெரியாதவர்களுக்கும் முறை உண்டு. அவர்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை உட்காரும். ஆயாவுக்கு நான். நான் காதோடு மெல்லச் சொல்ல, அவள் வாய்விட்டுச் சொல்வாள். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கொட்டையை இடமிருந்து வலம் நகர்த்துவாள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ஒன்றைத் தாண்டிவிட்டேன். "டேய் கண்ணு, ஒண்ணு வுட்டுட்ட" என்றாள். கொட்டை கணக்கைச் சொல்லியிருக்காது. நான் வாய் திறந்தால்தானே அது நகரும். வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அத்தனையும் அவள் காதில் ஏறியிருந்தது. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, யார் யாருக்குப் படித்துக்காட்டினோம் என்று.

படித்து முடித்ததும் ஆளுக்கொரு சொல்லுக்குப் பொருள் கேட்கலாம். தெரிந்தவர் சொல்வார். யாருக்கும் தெரியாவிட்டால் அது அடுத்த பூசத்துக்குப் போகும். ஒரே சொல் நாலு பூசம் காத்திருந்ததும் உண்டு. வடலூரில் வள்ளலார் சிறுவர் முதல் முதியவர் வரை படிக்கவென்று சன்மார்க்க போதினி என்ற பாடசாலையைத் தொடங்கியதைப் பெரியப்பா அடிக்கடி சொல்வார். பிறகு கஞ்சி. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. மலையிலிருந்து புளியும் தேனும் கொண்டுவருபவர்கள் சாமை தருவார்கள். அரிசியும் சாமையும் குழைந்த அந்தக் கஞ்சியை வாழையிலைத் தொன்னையில் ஊற்றிக் குடித்த சூடு இப்போதும் நாக்கில் இருக்கிறது.

ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஊர் கொள்ளாமல் ஜனம் வரும். ஆற்றோரமெல்லாம் அடுப்பு, ஆட்டுக்கறி வாசனை. கூட்டத்தில் சேர்ந்ததிலிருந்து ஆயா கறி தொடவில்லை. ஆனால் அம்மனுக்கு வேப்பிலை கட்டும் வேண்டுதலை விடவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே அவளுக்கு ஒரு சண்டையும் இருந்ததில்லை.

ஊரில் யோக ராமர் கோயில் இருக்கிறது. அங்கே ராமர் கையில் வில் இல்லை. சின்முத்திரை காட்டி உட்கார்ந்திருக்கிறார். எதிரே அனுமார் ஓலைச்சுவடியை விரித்துப் படிக்கிறார். என்னை அங்கே கூட்டிப்போன ஆயா நெடுநேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாரு, சாமிகூட ஒண்டியா படிக்கல."

ஆயா போய், பெரியப்பாவும் போய், களத்துமேட்டில் வீடுகள் வந்துவிட்டன. போன தைப்பூசத்துக்கு ஊரில் இருந்தேன். ஒலிபெருக்கியில் அகவல் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல குரல், பிசிறே இல்லை. நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பத்தாவது கண்ணி முடியும்போதும் என் கண் தானாகத் திறந்து பக்கத்தில் இருந்தவரின் மடியைப் பார்த்தது.