ரம் நீங்கிய மொஹிட்டோ

மே 4, அக்கினி நட்சத்திரத் தொடக்கம்

புதினா, எலுமிச்சை, சர்க்கரை, சோடா ஆகியவற்றைப் பனிக்கட்டியோடு சேர்த்துக் கலக்கும் பானம், கியூபாவின் தலைநகரான ஹவானாவில் புகழ்பெற்ற மொஹிட்டோ என்னும் மதுக்கலவையிலிருந்து ரம்மை மட்டும் விலக்கிப் பெறப்பட்டதாகும். உணவகங்களின் விலைப்பட்டியலில் அது 'விர்ஜின் மொஹிட்டோ' என்று அச்சாகியிருக்கும். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக்கின் மாலுமிகளுக்கு மருந்தாக மொஹிட்டோ பிறந்தது என்று சொல்வதுண்டு; அதைக் கதையாகவே கொள்வது நலம். உறுதியாகச் சொல்லத்தக்கது இதன் பொருள்கள் கடல் கடந்த வரலாறே. கரும்பும் எலுமிச்சையும் ஆசிய-பசிபிக் பகுதிகளில் தோன்றியவை. 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தின்போது கரும்பையும் எலுமிச்சைக் குடும்பப் பழங்களின் விதைகளையும் கரீபியத் தீவுகளுக்கு எடுத்துச் சென்றார். புதினாவும் அங்கே வந்தேறிய செடிதான். கியூபாவின் அடையாளமாகக் கொண்டாடப்படும் பானத்தில் அந்நாட்டுக்கே உரிய செடி ஒன்றுகூட இல்லை. கரீபியத்தில் வேரூன்றிய சிறு எலுமிச்சையும், தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிச் சந்தையில் மூட்டைகளாக வந்திறங்கும் எலுமிச்சையும் தாவரவியல் நோக்கில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதால், இந்தப் பானத்துக்கான பழத்தைத் தமிழ்நாட்டு வீடுகள் வெளியே தேட வேண்டியதில்லை.

மே 6

ரம்மை நீக்கிவிட்டு எஞ்சியதை அப்படியே கலந்தால் போதும் என்று பலரும் கருதுகின்றனர். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம் வகுத்துள்ள முறையில் ஒரு குவளைக்கு 45 மில்லி லிட்டர் வெள்ளை ரம்மும், 20 மில்லி லிட்டர் எலுமிச்சைச் சாறும், இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் இடம்பெறுகின்றன. அந்த ரம் போதைக்காக மட்டும் சேர்வதன்று: புதினாவின் மணம் எண்ணெய்த் தன்மை கொண்டது, நீரில் அது அரிதாகவே கரையும், சாராயத்தில் எளிதாகக் கரையும். ஆகவே ரம்மை விலக்கும்போது மணத்தை இலையிலிருந்து வெளிக்கொணரும் கரைப்பானும் சேர்ந்தே போய்விடுகிறது. மதுவில்லாத பானத்துக்கு மதுக்கலவையைவிடக் கூடுதலான கைப்பக்குவம் தேவைப்படுவது இதனால்தான். அந்தப் பக்குவம் இல்லாத இடத்தில், புட்டியில் அடைத்த பச்சை நிறப் பாகு வந்து குறையை மூடுகிறது. அது பல் துலக்கும் பசையின் வாசனையை நினைவூட்டுமே தவிர, புதினாவை நினைவூட்டாது.

மே 9

இந்தப் பானத்தின் உயிர்நிலை புதினா இலையின் மேற்பரப்பில் இருக்கிறது. இலையின் இரு பக்கங்களிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சுரப்பி மயிர்கள், அதாவது வாசனை எண்ணெயைச் சேமித்து வைக்கும் சிறு பைகள், பரவியுள்ளன. இலேசாக அழுத்தினாலே அவை உடைந்து மணத்தை வெளிவிடும். இலையின் உட்பகுதியிலோ பச்சையமும் துவர்ப்புப் பொருள்களும் நொதிகளும் இருக்கின்றன. இலை கிழிந்து சிதையும்போது இவை வெளிப்பட்டுக் காற்றோடு கலந்து, சாற்றைக் கறுக்கச் செய்து, கசப்பையும் புல்வாடையையும் ஏற்றிவிடுகின்றன. மிக்சியில் அரைத்த புதினா சட்டினிக்கு ஏற்றது. இந்தப் பானத்துக்கு ஏற்றதன்று. இந்தக் கருத்தைத் தனித்தனிக் குவளைகளில் சோதித்தபோது, அரைத்த கலவை சற்று நேரத்தில் மங்கிய பழுப்பாக மாற, அழுத்திய இலைகள் மட்டும் கிடந்த குவளை தெளிவாகவே இருந்தது. அழுத்துவதற்குக் கீரை கடையும் மத்து உதவாது. அதன் வரிப்பள்ளங்கள் இலையைக் கிழித்துவிடும். பூரிக்கட்டையின் வழவழப்பான கைப்பிடியோ, கரண்டியின் பின்புறமோ போதுமானது.

சந்தையில் கட்டாக விற்கப்படும் புதினாவின் மணத்துக்குக் கார்வோன் என்னும் சேர்மமே பெரிதும் காரணம். இதே சேர்மம், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடவலமாக மாறிய அமைப்பில், சதகுப்பை விதையில் இருக்கிறது. அணுக்கள் அவையேயாயினும் மூக்குக்கு இரண்டும் வெவ்வேறு வாசனைகள். தைலங்களில் குளிர்ச்சி தரும் மென்தால் வேறு வகைப் புதினாக்களில்தான் மிகுதி. குளிரை உணரும் நரம்பு ஏற்பிகளைத் தூண்டி, வெப்பம் குறையாதபோதே குளிர்ந்ததுபோல் அது தோன்றச் செய்கிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்தோருள் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூஷியனும் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சந்தைப் புதினாவில் மென்தால் சொற்பம் என்பதால், இந்தப் பானத்தின் குளிர்ச்சி பெரும்பகுதி பனிக்கட்டியின் கொடையே.

மே 10

சர்க்கரையை முதலில் இட வேண்டும். அதன் படிகங்கள் இலையின் மீது உராய்ந்து எண்ணெய்ப் பைகளை உடைக்கின்றன. சாராயம் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை அந்த உராய்வு ஈடுசெய்கிறது. பனிக்கட்டி விழுந்தபின் சர்க்கரையைச் சேர்த்தால் அது கரையாமல் அடியில் தங்கிவிடும்.

மே 15

எலுமிச்சையைப் பொறுத்தவரை காலமே முக்கியம். பிழிந்து வைத்த சாறு நேரம் செல்லச் செல்லக் கசப்பேறுவதற்கு லிமோனின் என்னும் பொருள் காரணமாகிறது. பழத்தில் கசப்பற்ற வடிவில் இருக்கும் அதன் மூலப்பொருள், சாற்றின் அமிலத்தில் மெல்ல மெல்லக் கசப்பாக மாறுகிறது. விதையிலும் இக்கசப்பு மிகுதி. ஆதலால் சாற்றை அவ்வப்போது பிழிந்து, வடிகட்டி, உடனே சேர்ப்பது முறை. துருவிய பச்சைத் தோல் சிறிதளவு சேர்ந்தால் மணம் கூடும். வெண்சதை கலவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை உப்பிடும் தமிழ்நாட்டு வழக்கம் இங்கும் பொருந்துகிறது. உப்பு கசப்பு உணர்வை அடக்கும் தன்மை உடையது. கியூபாவின் முறையில் இல்லாத ஒன்று என்பதற்காக அதைத் தவிர்க்க வேண்டியதில்லை.

மே 22

சோடா என்பது அழுத்தத்தில் கரியமில வாயு கரைக்கப்பட்ட நீர். 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், மதுவடிக்கும் ஆலையின் நொதித் தொட்டிக்கு மேலே நீரை வைத்து ஜோசப் பிரீஸ்ட்லி இதை ஆராய்ந்தார். 25 பாகை செல்சியஸில் நீரில் கரையும் வாயுவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வாயு சுழிப் பாகையில் கரையும். எனவே சோடாவை முன்னதாகக் குளிர்வித்து, கடைசியில், குவளையின் ஓரமாக ஊற்றுவதும், ஒரே ஒருமுறை மெல்லக் கிளறுவதும் நுரைப்பைக் காக்கும். பன்னீர் சோடா வேண்டாம். அதன் இனிப்பும் மணமும் புதினாவை அமிழ்த்திவிடும்.

ஒரு குவளைக்குப் பத்து இலைகள், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, 20 மில்லி லிட்டர் சாறு, குவளை நிறையப் பனிக்கட்டி, மீதி இடத்துக்குச் சோடா என்பதே ஏற்கத்தக்க அளவு. குளிர்ச்சி நாவின் இனிப்புணர்வைக் குறைப்பதால், பனிக்கட்டி இடுமுன் சற்றுத் தித்திப்பாகத் தோன்றுவதே சரியான நிலை.

நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் உடையோர் இந்தப் பானத்தைத் தவிர்க்கலாம். புதினா உணவுக்குழாயின் கீழ்வாய்த் தசையைத் தளர்த்தக்கூடியது, எலுமிச்சையின் அமிலம் அதன்மேல் சேர்கிறது. மற்றவர்கள் கலந்த உடனே அருந்துவது நல்லது. விருந்தினருக்காகக் குடம் நிறையக் கலந்து வைக்க விரும்புவோர் சோடாவையும் இலையையும் தனியே வைத்திருந்து, பரிமாறும் நேரத்தில் சேர்த்துக்கொள்க.