வளைந்த காலும் வளைத்த வாழ்வும்

கரும்பலகையின் முன் நின்றே தேய்ந்த எமது முழங்கால்களில், வெளிப்புறம் வளைந்த காலினதே அதிகம் நோகின்றது. "விதி" என்பர் அயலார். விதியன்று, பாரத்தின் கணக்கு. நேரான காலிலும், நடக்கையில் மூட்டின் உட்பாதியே கூடிய பாரம் தாங்குகின்றது. கால் வெளியே வளைந்தால் அப்பாரம் மேலும் பெருகி, உட்புறக் குருத்தெலும்பு தேய்கின்றது. மூட்டுத்தேய்வுள்ளோரில் இவ்வளைவு, உட்புறத் தேய்வு 18 மாதங்களில் முற்றும் வாய்ப்பை ஏறத்தாழ நான்கு மடங்காக்குவதை 2001ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று.

எமது வளைவு உடல்வாகோடு வந்தது. எல்லோர்க்கும் அவ்வாறன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆலை நகரங்களிலே, புகை மூடிய சந்துகளில் வளர்ந்த தொழிலாளர் குழந்தைகளின் எலும்புகள் வெயிலும் ஊட்டமுமின்றி மென்மையுற்று வளைந்தன. 1919இல் எட்வர்ட் மெலன்பி அந்நோயை உணவுக் குறையோடு பொருத்திக் காட்டினார்.

தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி எமது நோவைத் தணிக்கின்றது. ஆனால் நாளைய முழங்கால்களைக் காப்பது மருந்துச்சாலையன்று. குழந்தைக்குப் பாலும் முட்டையும் வெயிலும் கிடைப்பது தருமமன்று, உரிமை.