நான் எழுதாத கடிதம்



குறுவை அறுவடை முடிந்த ஒரு மாலையில், நம் சபையின் மகள் ஒருத்தி தன் தகப்பனாருடன் என் வீட்டிற்கு வந்தாள். அயல்நாட்டுப் பள்ளியொன்றில் ஆங்கில ஆசிரியைப் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தாள். பட்டமும் பி.எட். சான்றும் இருந்தன. காவல்துறையின் நன்னடத்தைச் சான்றுக்கும் ஆயத்தமாயிருந்தாள். இல்லாதது ஒன்றே: அவர்கள் கேட்ட இரண்டு ஆண்டு வகுப்பறை அனுபவம்.

"நம் சபையின் மாலை வகுப்பில் இரண்டு ஆண்டு கற்பித்ததாக எழுதித் தாருங்கள், ஐயா" என்றார் தகப்பனார். அவள் கற்பித்ததோ இரண்டு கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் மட்டுமே. அவரோ வயலை அடகு வைத்து மகளைப் படிக்கவைத்தவர். நான் பேனாவைக் கையில் எடுத்தேன் என்பதை உங்களுக்கு மறைக்கமாட்டேன்.

அப்போது சுவார்ட்ஸ் ஐயர் நினைவுக்கு வந்தார். அவர் ஜெர்மானியர், ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று. ஆயினும் 1780களில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்ற உழைத்தார். 1750இல் தரங்கம்பாடிக்கு வருமுன்பே ஹாலே நகரில் தமிழ் கற்கத் தொடங்கியிருந்தார். தாம் கற்பிக்கப்போகும் மக்களின் மொழியைத் தாமே மாணவராயிருந்து கற்றது அவருடைய முதல் தகுதி.

அதனினும் பெரிய தகுதி ஒன்று அவருக்கு இருந்தது. ஹைதர் அலியின் படையெடுப்பின்போது தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் உண்டாயிற்று. வெளியே நெல் இருந்தும் கொண்டுவர மாடுகள் இல்லை. கூலி கிடைக்காமல் ஏமாந்திருந்த குடியானவர்கள் ஆட்சியாளரின் வாக்கை நம்பவில்லை. ஐயர், கூலிக்குத் தாமே பொறுப்பு என்று எழுதியனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. ஏறத்தாழ 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடி கூலியும் கொடுக்கப்பட்டது.

அனுபவச் சான்றும் அத்தகைய வாக்கே அல்லவா? நம்மை அறியாத தலைமையாசிரியர் ஒருவர் அதை நம்பித் தம் பிள்ளைகளை ஒப்படைக்கிறார். செல்டா என்னும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழுக்கும் ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்பு மட்டும் போதாது. அதில் 6 மணி நேரம் மெய்யான மாணவர்முன் நின்று கற்பித்துக் காட்டவேண்டும். நாற்று தேறுமுன் பறித்து நட்டால் பயிர் நிற்காது என்பதை நம் வயல்கள் நமக்குச் சொல்லாமலா இருக்கின்றன?

பேனாவைக் கீழே வைத்தேன். கோடைப் பள்ளிகளில் அவள் செய்ததை உள்ளபடி எழுதித் தருவதாகச் சொன்னேன். அவர்கள் பேசாமல் எழுந்து சென்றார்கள். மூன்று ஞாயிறுகள் அவர்கள் அமரும் பலகை வெறுமையாயிருந்தது. என் நேர்மைக்கு வட்டி கட்டுகிறவர் அவரல்லவா என்று நெஞ்சு உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

இப்போது அவள் அருகிலுள்ள பள்ளியொன்றில் குறைந்த சம்பளத்திற்குக் கற்பிக்கிறாள். ஒன்றரை ஆண்டு நிறைவாயிற்று. வயல் இன்னும் மீளவில்லை. சென்ற வாரம் ஆராதனை முடிந்து வந்து, "பின்வரிசைப் பையன் ஒருவன் முதன்முறை தானாக ஒரு பக்கம் வாசித்தான், ஐயா" என்றாள்.

பிரியமானவர்களே, பொய்யான கடிதத்தை மறுப்பது எளிது. மறுத்தபின் அந்த வீட்டின் பாரத்தில் பங்கெடுப்பதே கடினம். அந்த வயலை மீட்க நம்மால் ஆவது என்ன என்று இந்த வாரம் ஜெபத்தோடு சிந்திப்போமா?