தோத்தாலும் பாயின்ட் உண்டு!

1980களில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதிகளில் ஸ்லாட் கிளப் வந்தது. மெஷினில் ஆடுபவருக்கு ஒரு கார்டு. ஜெயிச்சாலும் தோத்தாலும் பாயின்ட் ஏறும், பரிசும் கிடைக்கும். யார் எவ்வளவு ஆடுறாங்கன்னு விடுதிக்கும் தெரிஞ்சுடும். விஷயமே அதுதான்!

அதே தந்திரம்தான் பின்னாளில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிச்சு பஸ் ஏறுபவரின் செல்போனுக்குள் ஆன்லைன் ரம்மியாக வந்து உட்கார்ந்தது. 'வெல்கம் போனஸ்' ஓசி மாதிரி தெரியும். ஆனால் கைக்காசைக் கட்டி ஆடினால்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும்.

2003ல் லாட்டரியை ஒழித்த தமிழ்நாடு, 2023ல் இதற்கும் சட்டம் போட்டது. ரம்மிக்கு அது செல்லாதுன்னு அதே நவம்பரில் ஐகோர்ட் சொன்னது. 2025 ஆகஸ்டில் மத்திய சட்டம் வந்து, காசு வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்துக்கும் தடை போட்டது.

லாட்டரிச் சீட்டுக்கு வாங்கினவர் பேர் தெரியாது. போனஸ் கொடுத்தவனுக்கோ, சம்பளம் வர்ற தேதி வரைக்கும் கணிக்க முடியும்...