பத்துக் குமிழ்களும் ஒரு ஜெபமும்

என் பாட்டியார் கர்த்தருக்குள் நித்திரையடைவதற்குச் சில திங்களுக்கு முன், ஒருநாள் மாலைக் குடும்ப ஜெபத்தில், பேரப்பிள்ளைகள் அனைவரையும் பெயர் சொல்லி வேண்டினார்கள். அதனை என் கைப்பேசியிற் பதிவு செய்து வைத்திருந்தேன். தலைக்குமேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தமையால் அவர்கள் குரல் அவ்விரைச்சலிற் பாதி மறைந்து போயிற்று. கடைசிப் பேரனாகிய என் பெயர் வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு முணுமுணுப்பே கேட்கும். அப்பெயரை எவ்வாறேனும் கேட்டுவிட வேண்டும் என்னும் வேட்கையே என்னைக் கிராபிக் ஈக்குவலைசரிடம் கொண்டு சேர்த்தது.

அது ஒலியைப் பகுதி பகுதியாக ஏற்றவும் இறக்கவும் வல்லதொரு கருவி. என் கைப்பேசியில் உள்ளது பத்துக் குமிழ்களை உடையது. முதற் குமிழ் 31 ஹெர்ட்சுக்குரியது. அடுத்தவை 62, 125, 250, 500 என ஏறத்தாழ இருமடங்காய் உயர்ந்து 16,000-இல் முடியும். இருமடங்கு என்பது இசைவாணர் கூறும் ஒரு ஸ்தாயியேயாம். ஒவ்வொரு குமிழையும் நடுக்கோட்டினின்று 12 டெசிபெல் வரை ஏற்றலாம், அவ்வாறே இறக்கலாம்.

விடுதியறையில் ஓர் இரவு ஹெட்போனை அணிந்துகொண்டு, குரலுக்குரியவை என்று நான் கருதிய குமிழ்களையெல்லாம் உச்சிவரை ஏற்றினேன். குரல் தெளியவில்லை, கரகரத்துப் பிளந்தது. கருவி தாங்கும் எல்லையைக் கடந்த ஒலியலைகளின் முடிகள் வெட்டுண்டு போனமையே அதற்குக் காரணம். அருகிலிருந்த இயற்பியல் மாணவராகிய நண்பர் நகைத்து, “வேண்டியதை ஏற்றாதே, அதை மறைப்பதை இறக்கிப் பார்,” என்றார்.

நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்சில் இயங்குவது. ஆதலின் மின்விசிறியின் முரற்சி 100 ஹெர்ட்சை ஒட்டி மிகுதியாய் இருக்கும். தடித்த கீழ் ஒலி தனக்கு மேலுள்ள மெல்லொலிகளை மூடிவிடும் இயல்பினது. எனவே 62, 125 ஆகிய குமிழ்களை இறக்கினேன். என்ன வியப்பு! திரை விலகியதுபோற் குரல் முன்வந்தது. பேராசை விடுமோ? 250-ஐயும் இறக்கினேன். இரைச்சல் இன்னுஞ் சிறிது குறைந்தது. ஆனால் பாட்டியாரும் மறைந்தார்கள். எஞ்சியது யாரோ ஒருவருடைய கீச்சுக்குரல். வல்லினத்திற்கு நெஞ்சும், மெல்லினத்திற்கு மூக்கும், உயிருக்கும் இடையினத்திற்கும் மிடறும் பிறப்பிடம் என்று நன்னூலிற் பயின்றிருக்கிறேன். நெஞ்சை இழந்த குரல் எத்தகையது என்பதை அன்றுதான் கேட்டேன். உடனே அக்குமிழைப் பழைய நிலைக்கு உயர்த்திவிட்டு, 2,000, 4,000 ஆகியவற்றை மட்டும் 3 டெசிபெல் ஏற்றினேன். நம் செவிக்குழாய் 3,000 ஹெர்ட்சை ஒட்டித் தானே அதிர்ந்து துணைசெய்வதால், அவ்விடத்துச் சிறு மாற்றமும் நமக்குப் பெரிதாய்த் தோன்றும். உரத்து ஒலிப்பதெல்லாம் நன்றாய் ஒலிப்பதாக மயங்குவதும் செவியின் இயல்பு. ஆதலால் மொத்த ஒலியைச் சிறிது குறைத்து, மாற்றியதையும் மாற்றாததையும் ஒரே அளவில் மாறி மாறிக் கேட்டேன்.

என் பெயர் கிட்டியதா? இல்லை. ஈக்குவலைசர் பதிவில் இல்லாததைப் படைக்காது; ஒரே பகுதியிற் கலந்துவிட்ட குரலையும் இரைச்சலையும் பிரிக்கவும் அறியாது. ஏற்றினால் இரண்டும் ஏறும். இறக்கினால் இரண்டும் இறங்கும். ஆனால் நான் தேடாத வேறொன்று கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னே பாட்டியார் வருந்தி இழுத்த மூச்சு! பெயர்கள் செல்லச் செல்ல அது குறுகிக்கொண்டே வந்தது. நான் முணுமுணுப்பு என்று எண்ணியது, சொல்லத் தொடங்கி மூச்சுப் போதாமல் நின்ற ஒலி. அவர்கள் நோயுற்றிருந்ததை அன்று எங்களுள் ஒருவரும் அறிந்திலோம். இரண்டு முழத் தொலைவில் இருந்த நானோ, பதிவு சரியாக நடக்கின்றதா என்று கைப்பேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்பொழுது அந்த ஜெபத்தைக் கேட்கும்போது குமிழ்களையெல்லாம் நடுக்கோட்டிலேயே வைத்துவிடுகிறேன். விசிறியின் இரைச்சலும் அந்த மாலைக்கு உரியதுதானே. ஆனால் விடுமுறையில் வீடு சென்று, பாட்டனார் என்னோடு பேச அமரும்போது, முதலில் எழுந்து மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். “ஏனப்பா, புழுங்குகிறதே!” என்கிறார்கள். புழுங்கட்டும்.