சொல்லாமல் காக்கும் அன்பு



இந்த வாரத் தியானத்தை ஒரு பாவ அறிக்கையோடு தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கணவரின் கொடுமைக்குத் தப்பி ஒரு சகோதரி தம் மகனோடு மறைந்திருந்தார். அவர் இருந்த இடத்தை அந்தக் கணவருக்கு எட்டச் செய்தவன் நானே. பகையினால் அதைச் செய்யவில்லை. சபை ஜெபிக்க வேண்டும் என்ற வாஞ்சையினால் செய்தேன். ஆயினும் வாயிலில் வந்து நின்றவருக்கு என் நோக்கம் ஒரு பொருட்டாயிருக்கவில்லை.

இதை எழுதுவதற்கு அந்தச் சகோதரியின் அனுமதியைக் கேட்டேன். எழுதியதை அச்சிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நிதானமாக வாசித்து, இரண்டு வாக்கியங்களை மையினால் அடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ஐயா, இந்த ரெண்டும் இருந்தா எங்க ஊரைக் கண்டுபிடிச்சிடுவாரு" என்றார். அவ்விரண்டிலும் ஆபத்து ஏதுமில்லை என்றே நான் எண்ணியிருந்தேன். இத்தனை காலம் கடந்தும் நான் கற்க வேண்டியது மீதியிருக்கிறது.

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு புதன்கிழமை பிற்பகல். கையில் கைப்பேசி இல்லை. அதை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தார். அது வீட்டைவிட்டு நகர்ந்தால் கணவருக்குத் தெரிந்துவிடுமாம். என் மனைவி கொடுத்த காப்பியைத் தொடுவதற்கு முன், "பாஸ்டரம்மா, உங்க போனையும் ஐயா போனையும் உள்ளறையில வச்சிடுறீங்களா?" என்று கேட்டார். இவர் சற்று மிகைப்படுத்துகிறாரோ என்ற நினைவு எனக்குள் ஓடியதை மறைக்கமாட்டேன்.

கணவர் கை நீட்டியது சில தடவைகளே. ஆனால் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. பகலில் தங்கைக்கு எழுதிய செய்தியை இரவு உணவின்போது வரிக்குவரி சொல்லிக்காட்டுவார். காய்கறிக் கடைக்குப் போவதாகச் சொல்லி மருந்துக் கடைக்குச் சென்றால், ஐந்து நிமிடத்தில் அழைப்பு வரும். "கடவுளுக்கு அடுத்து உன்னைப் பத்தி எனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சிரிப்பாராம். அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதுதான் அந்தச் சகோதரி அழுதார்.

இதில் மாயம் எதுவுமில்லை என்பதைப் பின்னர் விவரமறிந்த ஒருவர் எங்களுக்கு விளக்கினார். மனைவியின் கைப்பேசி சில நொடிகள் கையில் கிடைத்தால் போதும். அவருடைய வாட்ஸ்அப்பைத் தம் கணினியோடு இணைத்துக்கொள்ளலாம். அதன்பின் வரும் செய்திகளெல்லாம் இரண்டு இடங்களிலும் தெரியும். கைப்பேசியை வாங்கித் தந்தவரே கூகுள் கணக்கையும் தொடங்கி, கடவுச்சொல்லையும் தம்மிடம் வைத்திருந்தால், அந்தக் கைப்பேசி இருக்கும் இடத்தையும், கணக்கில் சேமிக்கப்படும் படங்களையும் அவர் தம் மேசையிலிருந்தே காணலாம். வங்கிக் கணக்கில் கணவரின் எண் பதிவாகியிருந்தால், எடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அவருக்குக் குறுஞ்செய்தி போகும். காரில் ஒட்டிய ஃபாஸ்டேக் அவருடைய எண்ணோடு இணைந்திருந்தால், எந்தச் சுங்கச்சாவடியைக் கடந்தது என்பதும் தெரிந்துவிடும். மறைவாக நிறுவப்படும் கண்காணிப்புச் செயலிகளும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அவை தேவைப்படுவதேயில்லை. ஒரே வீட்டில் வாழ்கிறவருக்குத் திறவுகோல்கள் முன்பே கையில் இருக்கின்றன.

நான்கு மாத ஆயத்தத்துக்குப் பின் அவர் புறப்பட்டார். ஏற்பாடுகள் யாவையும் அவரும் என் மனைவியுமே செய்தனர். வேறோர் ஊரில் ஒரு மகளிர் விடுதியில் இடம் கிடைத்தது. தையற்கூடத்தில் வேலை கிடைத்தது. மகன் பள்ளியில் சேர்ந்தான். மூன்றாம் வாரத்தில், நிறைந்த மனதோடு நான் நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜெபக் குறிப்பை இட்டேன். அவருடைய பெயரையும் ஊரின் பெயரையும் குறிப்பிட்டு, அங்கே மகளிர் விடுதியில் சுகமாயிருக்கிறார், புதிய வேலைக்காகவும் பிள்ளையின் படிப்புக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். இருநூறுக்கும் மேற்பட்டோர் உள்ள குழு அது. ஆமென், ஆமென் என்று பதில்கள் வந்துகொண்டேயிருந்தன. அவர்களில் ஒருவர், குடும்பம் மறுபடி ஒன்றுசேரட்டும் என்ற நல்லெண்ணத்தில், அதைக் கணவரின் சித்திக்கு அனுப்பிவைத்தார்.

மறுநாள் மாலை அவர் விடுதி வாயிலில் நின்றார். காவலாளி கதவைத் திறக்கவில்லை. விடுதிப் பொறுப்பாளர் காவல்துறையை அழைத்தார். கர்த்தருடைய கிருபையால் உயிருக்கு மோசம் நேரவில்லை. ஆனால் அன்றிரவே தாயும் பிள்ளையும் இடம் மாற வேண்டியதாயிற்று. வேலை போயிற்று. அந்த ஒரே கல்வியாண்டில் பையன் மூன்றாவது பள்ளிக்குப் போனான்.

சில வாரங்களுக்குப் பின், நீதிமன்ற விசாரணைக்காக வந்தவர்களைச் சந்தித்தேன். அந்தச் சகோதரி என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பையன்தான் கேட்டான்: "ஐயா, நாங்க இருந்த இடத்தை அப்பாகிட்ட யார் சொன்னது?"

"நான்தான் தம்பி" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்பானவர்களே, அந்த நாட்களில் சாமுவேலின் முதலாம் புத்தகத்தை மறுபடியும் வாசித்தேன். பிள்ளைப் பருவமுதல் அறிந்த தாவீதின் வரலாறு இம்முறை வேறு விதமாய்த் தெரிந்தது. ஈட்டியை எறிகிறவன் இருக்கும் வீட்டைவிட்டுத் தப்பி ஓடுகிறவனின் வரலாறு அது. அவனைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவரும் அவனைப் பற்றி அறிந்திருந்ததைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதே அதில் ஓடும் கேள்வி.

மீகாள் அவனைச் சன்னல் வழியாய் இறக்கிவிட்டு, அவன் படுக்கையில் ஒரு சுரூபத்தைக் கிடத்தினாள். சேவகர் வந்து பார்க்கும்வரை யாவும் வழக்கம்போலவே தோன்றியது. யோனத்தான் அம்புகளைக் குறிப்பாக வைத்துக்கொண்டான். அவற்றைப் பொறுக்கிவந்த பையனுக்கும் அதன் பொருள் தெரியாது. நோபில் கண்டதைத் தோவேக்கு சவுலிடம் சொன்னான். எண்பத்தைந்து ஆசாரியர்கள் மாண்டார்கள். கேகிலாவின் குடிகள் தாவீதால் காப்பாற்றப்பட்டவர்கள். ஆயினும் அவர்கள் தன்னை ஒப்புக்கொடுப்பார்களோ என்று அவன் கர்த்தரிடத்தில் விசாரித்தான். ஒப்புக்கொடுப்பார்கள் என்று அறிந்து அங்கிருந்து புறப்பட்டான். அவன் ஒளிந்திருந்த இடத்தைச் சீப் ஊரார் இரண்டு முறை சவுலுக்கு அறிவித்தார்கள். சவுலின் ஈட்டி எட்டாத தூரத்துக்கெல்லாம் அவர்களுடைய சொல் எட்டியது. நான் எந்தப் பட்டியலில் இருக்கிறேன் என்பது எனக்கு விளங்கிற்று.

நான் தாமதமாய்க் கற்ற மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, அவசரப்படாதிருங்கள். இப்படி ஒரு சகோதரி உங்களிடம் மனந்திறந்தால், உடனே கடவுச்சொல்லை மாற்று, செயலிகளை அழி, போனைத் தூக்கி எறி என்று சொல்லத் தோன்றும். கண்காணிக்கிறவரின் பார்வை திடீரென்று மறைந்தால், அவர் சினம் கொதித்தெழலாம். பிரிந்து செல்லும் வேளையும் அதையடுத்த நாட்களுமே மிகவும் ஆபத்தானவை. மீகாள் படுக்கையை வெறுமையாய் விடவில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். நாள் குறிக்கப்படும்வரை பழைய கைப்பேசி வழக்கம்போலவே இயங்கட்டும். உதவி தேடுவதற்கு, கணவரின் கைபடாத வேறொரு கைப்பேசி வேண்டும். அது உங்கள் வீட்டுக் கைப்பேசியாயிருக்கலாம். புதிய மின்னஞ்சலை அதில் தொடங்கட்டும். பழைய கணக்கை அதில் திறக்க வேண்டாம். மிரட்டல் செய்திகளை அழிக்க விடாதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி இன்னொரு கைப்பேசியால் படமெடுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் அவை சாட்சி சொல்லும்.

பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின் சோதிக்க வேண்டியவை: வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள், கூகுள் கணக்கு திறந்திருக்கும் கருவிகளின் பட்டியல், இருப்பிடப் பகிர்வு, வங்கியில் பதிவான எண். பிள்ளையின் டேப்லெட்டை மறவாதீர்கள். தகப்பன் அனுப்பும் பரிசுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாவிக்கொத்தில் மாட்டும் சிறு புளூடூத் வில்லை ஒன்று பொம்மைக்குள்ளும் பைக்குள்ளும் அடங்கும். பிறருடைய வில்லை ஒன்று கூடவே பயணம் செய்தால் எச்சரிக்கும் வசதியை 2024ஆம் ஆண்டில் ஆப்பிளும் கூகுளும் இருவகைக் கைப்பேசிகளுக்கும் பொதுவாக ஏற்படுத்தின. அப்படி ஓர் எச்சரிக்கை வந்தால், அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இரண்டாவது, நாவோடு விரலையும் காத்துக்கொள்ளுங்கள். ஜெபிப்பதற்கு ஊரின் பெயர் தேவையில்லை. பெயரும் தேவையில்லை, நாம் யாருக்காக ஜெபிக்கிறோம் என்பது கர்த்தருக்குத் தெரியும். அவர் கலந்துகொண்ட கூட்டத்தின் படத்தை முகநூலில் இடாதீர்கள். நம் ஞாயிறு ஆராதனையின் நேரலையில் கேமரா இப்போது பிரசங்க மேடையை மட்டுமே காட்டுவதன் காரணமும் இதுவே. சபையாரின் முகங்களைக் காண இயலவில்லை என்று வெளியூர்ப் பிள்ளைகள் வருந்தினார்கள். அந்த வருத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். "அந்த அக்கா இப்போ எங்க இருக்காங்க?" என்று யாரேனும் கேட்டால், "எனக்குத் தெரியாது" என்று உண்மையாகவே சொல்லத்தக்கதாய், தெரிந்துகொள்ளாமலே இருங்கள். யோனத்தானின் அம்பைப்போல ஒரு குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம். "மாவு அரைச்சாச்சா அக்கா?" என்று அவர் கேட்டால் உடனே ஆள் அனுப்ப வேண்டும் என்பது உங்கள் இருவருக்கு மாத்திரம் தெரிந்திருக்கட்டும்.

மூன்றாவது, தனியே சுமக்காதிருங்கள். ஜெபம் செய்வோம், அதோடு, இதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடமும் அழைத்துச் செல்வோம். பெண்களுக்கான உதவி எண் 181 இரவும் பகலும் இயங்குகிறது. அவசரத்துக்கு 112, இணையவழிக் குற்றங்களுக்கு 1930. அழைத்த எண் கைப்பேசியில் பதிவாகும் என்பதால், உங்கள் கைப்பேசியிலிருந்து அவர் பேசட்டும். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலரும், சகி ஒருங்கிணைந்த சேவை மையமும் உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், நேரிலோ எழுத்திலோ தொலைபேசியிலோ மின்னணு வழியிலோ தொடர்புகொள்ளக் கூடாதென்று குற்றவியல் நடுவர் தடைசெய்யலாம். அந்தப் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னஞ்சலையும் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

என்னைப்போன்ற ஊழியருக்கும் மூப்பருக்கும் ஒரு வார்த்தை. சவுல் அழுதான், தன் குற்றத்தை அறிக்கையிட்டான், என் குமாரனே, திரும்பி வா என்று அழைத்தான். தாவீது அவனுடைய ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அவனோடு திரும்பிப் போகவில்லை. அவனுக்கு மன்னிக்கும் இருதயம் இல்லை என்று எவரும் சொல்லத் துணிவதில்லை. கணவர் நம் முன்னிலையில் கண்ணீர் வடித்தார் என்பதற்காக ஒரு சகோதரியை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்ப நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

மனைவியின் கைப்பேசியை இரகசியமாய்த் திறந்து பார்க்கும் சகோதரனே, அதை அக்கறை என்று நீ பெயரிட்டிருக்கலாம். யாவையும் காண்கிறவர் ஒருவர் உண்டு. அவருடைய இடத்தில் உன்னை வைத்துக்கொள்ளாதே. என்னிடம் வா, பேசுவோம். அதற்காக உன் மனைவி காத்திருக்க வேண்டும் என்று மாத்திரம் கேளாதே.

இதை வாசித்து, "என் வீட்டிலும் இப்படித்தான்" என்று நினைக்கும் மகளே, இந்தப் பக்கத்தை யாருக்கும் அனுப்பாதே. எனக்குக் கைப்பேசியில் எழுதவும் வேண்டாம். புதன்கிழமைதோறும் பிற்பகலில் எங்கள் வீட்டில் என் மனைவி இருப்பார். வெறுங்கையோடு வா. எங்கள் கைப்பேசிகள் உள்ளறையில் இருக்கும். இப்போது அதை யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, ஓடி ஒளிகிறவர்களுக்கு அடைக்கலமானவரே, காக்க வேண்டிய சொல்லைக் காக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். நல்லெண்ணத்தால் நாங்கள் செய்த தீங்கை மன்னியும். எங்களுக்குத் தெரியாத இடத்தில் இன்றிரவு உறங்கும் தாய்மாரையும் பிள்ளைகளையும் உமது செட்டைகளின் கீழ் மறைத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.