எல்லாம் ஒண்ணுதானுங்களா மாமா?

நீட் மதிப்பெண் வந்த மறுநாள் சத்தியமங்கலத்திலிருந்து அக்கா பொண்ணு கூப்பிட்டாள். "மாமா, பார்மசி, பார்மகாலஜி, டாக்சிகாலஜி, பேத்தாலஜி... பேருதான் வேறயா, இல்ல எல்லாம் ஒண்ணுதானுங்களா?"

எம்பிபிஎஸ் கிடைக்காது. இனி எதுவானாலும் ரெண்டாம்பட்சம்தான் என்கிற குரல்.

நான் படித்தது பொறியியல், பொழப்பு கோடு எழுதுவது. அதனால் எங்கள் மாட்டின் கதையைச் சொன்னேன்.

2002இல் எங்கள் சிந்து மாடு கால் வீங்கிப் படுத்துவிட்டது. ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் செத்தது. அப்பா காட்டோரப் பள்ளத்தில் இழுத்துப் போட்டார். மோயாற்றுப் பக்கமிருந்து பாறுகள் வந்து இறங்கின. நான் வேடிக்கை பார்த்தேன்.

அதற்குள் இந்தியா முழுக்கப் பாறுகள் செத்துக்கொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. எத்தனை குறைந்தன என்று எண்ணிச் சொன்னது சூழலியல். ஏதோ தொற்று என்று சந்தேகம். கிருமியைத் தேடிய மைக்ரோபயாலஜிக்கு ஒன்றும் சிக்கவில்லை. அறுத்துப் பார்த்த பேத்தாலஜி, சிறுநீரகம் பழுதாகி உள்ளுறுப்புகள்மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் காட்டியது. பாகிஸ்தானில் வேலை செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழு, கால்நடை மருந்து விற்பவர்களிடம் விசாரித்து, டைக்ளோஃபெனாக்கைச் சந்தேகித்து, செத்த பாறுகளின் சிறுநீரகத்தில் அதைக் கண்டது. 2004இல் வெளியிட்டது. எந்த அளவில், எந்த உயிருக்கு விஷம் என்பது டாக்சிகாலஜி. அதே மருந்து மாட்டின் வீக்கத்தை எப்படி வடியவைக்கிறது என்பது பார்மகாலஜி. அதைக் கெடாமல், அளவு தப்பாமல் ஊசிமருந்தாக்கிக் கொடுப்பது பார்மசி. 2006இல் அரசு கால்நடைக்கு அதைத் தடை செய்தது. பாறுகளுக்கு ஆபத்தில்லாத மெலாக்சிகம் மாற்றாக வந்தது.

"நம்ம மாட்டுக்குப் போட்டது அதுதானுங்களா?"

"தெரியல கண்ணு. அப்பாவும் கேக்கல."

"அப்ப ஊசி போட்டவரு மேல தப்பில்லீங்களா?"

"மாட்டுக்கு அவரு சரியாத்தான் பாத்தாரு. அத திங்கற பறவை அவரு பாடத்துல இல்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஒரு பாடம் முடிகிற இடத்தில் இன்னொன்று தொடங்குகிறது. நடுவில் யாருமே நிற்காத சந்து ஒன்று இருக்கிறது. பாறுகள் செத்தது அந்தச் சந்தில்தான். கோடு எழுதுகிறவனுக்கும் இது தெரியும். என் பகுதி சரியாக ஓடும், பக்கத்துப் பகுதியும் சரியாக ஓடும், ரெண்டும் சேருகிற இடத்தில் உடையும்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பிளஸ் டூ மார்க்க வெச்சு கால்நடை மருத்துவத்துக்கும் அப்ளிகேசன் போட்டிருக்கேனுங்க மாமா. மாட்டு டாக்டரான்னு சிரிப்பாங்கன்னு வீட்ல சொல்லல."

"நாஞ் சொல்றேன் அக்காகிட்ட," என்றேன்.